மூன்றாம் அறையிலிருந்து வராத மெயில்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் போன மாதம், ஓய்வில் இருக்கும் என்னிடம் கேட்டார்: "சார், குளிரறைக் கண்காணிப்புப் பெட்டியிலிருந்து அலர்ட் மெயில் போகிற மாதிரி சர்வரை அமைக்க எவ்வளவு நேரம் ஆகும்?" பத்து நிமிடம் என்றேன். பொய்யில்லை. சர்வரின் பெயர், போர்ட் எண், அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி எல்லாம் கையேட்டில் இருக்கின்றன. அவற்றை நான் இங்கே திரும்ப எழுதப்போவதில்லை. அந்தப் பத்து நிமிட வேலையை நான் செய்த லட்சணத்தில் ஒரு பெண்ணின் பிழைப்பே போகவிருந்தது. கேட்ட தம்பியிடம் அதைச் சொல்லாமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் அது உறுத்திக்கொண்டே இருந்ததால் இதை எழுதுகிறேன்.

முதலில் என் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் தூத்துக்குடி பக்கத்து நாசரேத்துக்காரன். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஒரு பையன் எல்லா விடையையும் சரியாக எழுதியிருந்தால், யாரைப் பார்த்து எழுதினான் என்று பக்கத்துப் பையனின் தாளைத் தேடுகிறவர். அந்தப் புத்தி எனக்கு அப்படியே வந்தது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். "பூட்ட நம்ப மாட்டிய, சாவிய நம்ப மாட்டிய, கட்டுன பொண்டாட்டியயாவது நம்புதியளா?" என்று என் மனைவி கேட்பாள். நம்புகிறேன் என்று சொல்ல நான் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கண்டு சிரிப்பாள்.

கம்ப்யூட்டர் வேலையில் இந்தக் குணம் எனக்கு நல்ல பெயரைத்தான் வாங்கித் தந்தது. தூத்துக்குடியில் நான் கடைசியாக வேலை பார்த்தது ஒரு கடல் உணவு ஏற்றுமதிக் கம்பெனியில். பெயர் வேண்டாம். இறாலும் கணவாயும் வாங்கி, சுத்தம் செய்து, உறையவைத்து, கன்டெய்னரில் ஏற்றி அனுப்புவார்கள். நான்கு குளிரறைகள். மெயில் சர்வர், நெட்வொர்க், பிரின்டர், கேமரா எல்லாவற்றுக்கும் நான் ஒரே ஆள். இறால் உரிக்கும் கூடத்துப் பெண்கள் என்னைக் கம்ப்யூட்டர் சார் என்பார்கள்.

ஒருநாள் ஷிப்பிங் பிரிவுக்கு முதலாளி பெயரில் ஒரு மெயில் வந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் பட்டியலை உடனே இந்த முகவரிக்கு அனுப்பு என்று இரண்டே வரி. அங்கிருந்த பையன் பட்டியலை இணைத்து, அனுப்பும் பொத்தானுக்கு விரலைக் கொண்டு போய்விட்டான். தற்செயலாக அவன் பின்னால் நின்ற நான் கையைத் தட்டிவிட்டேன். முதலாளி தன் வாழ்நாளில் ஒரு மெயில்கூட எழுதியவர் இல்லை. எது வேண்டுமானாலும் போனில் கத்தித்தான் கேட்பார். விசாரித்தால், யாரோ எங்கிருந்தோ அவர் பெயரைப் போட்டு அனுப்பிய போலி மெயில் அது.

அன்று எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சியில் நான் சர்வரில் ஒரு விதி எழுதினேன். எங்கள் கம்பெனி முகவரியைப் போட்டுக்கொண்டு, கடவுச்சொல் கொடுக்காமல் எந்த மெயில் வந்தாலும் அதை வாங்கிக்கொள், பிறகு சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடு. திருப்பி அனுப்பாதே. திருப்பி அனுப்பினால் திருடனுக்கு நம் காவல் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும் அல்லவா? அதை நினைத்து எனக்கு ஒரே பெருமை.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. குளிரறைகளின் வெப்பநிலையைக் கண்காணிக்கும் பெட்டி பழைய மாடல். அதற்குக் கடவுச்சொல் கொடுத்து உள்ளே நுழையத் தெரியாது. ஆகவே அதற்கு மட்டும் விலக்கு அளித்தேன். நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் உண்டு; இந்த எண்ணிலிருந்து வந்தால் கடவுச்சொல் கேட்காமல் விடு என்று சர்வரில் எழுதிவைத்தேன். அந்த எண் எப்போதும் பெட்டியிடமே இருக்கும்படி, எண்களைப் பங்கிடும் ரூட்டரிலும் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன், பிறகு மறந்தும் போனேன்.

பெட்டியின் வேலை எளிது. ஏதாவது ஒரு அறையில் குளிர் குறைந்தால் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு ஜெசிந்தாவுக்கு மெயில் போகும். அவருடைய போன் மணி அடிக்கும். ஆரம்பத்தில் அது எனக்கும் வந்துகொண்டிருந்தது. ஆனால் சரக்கு ஏற்றும் நேரத்தில் அறைக் கதவைத் திறந்து போட்டிருப்பார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு மெயில் வந்து விழும். எரிச்சலில் ஒருநாள் பட்டியலிலிருந்து என் முகவரியை எடுத்துவிட்டேன். கதவோரம் ஒரு சைரனும் இருந்தது. சத்தம் தாங்காமல் அதன் வயரை யாரோ எப்போதோ பிடுங்கிவிட்டார்கள். கடைசியில் நான்கு அறைக்கும் காவல் ஜெசிந்தாவின் போன் ஒன்றுதான்.

ஜெசிந்தா திரேஸ்புரத்துப் பெண். அண்ணன்மார் இருவரும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் நுண்ணுயிரியல் படித்துவிட்டு எங்களிடம் சேர்ந்தார். ஏற்றுமதித் தாள்களில் சரக்கு நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடும் அதிகாரம் அவருக்கு இருந்தது. அந்தக் கையெழுத்தின் மதிப்பை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். பதிவேட்டை மறைத்தார், அழித்தார் என்று ஒருமுறை ஒருவர் பெயரில் எழுதிவிட்டால், இந்தக் கடற்கரையில் எந்தக் கம்பெனியும் அவரை உள்ளே விடாது. வேலை போவது ஒரு கம்பெனியோடு முடியாது.

இனி தடைக்காலம். மீன்கள் குஞ்சு பொரிக்கும் காலம் என்று ஆண்டுதோறும் இரண்டு மாதம் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. எங்களுக்கும் சரக்கு வராது. அறைகளை ஒவ்வொன்றாகக் காலி செய்து, அணைத்து, கழுவி, பழுது பார்ப்போம். கண்காணிப்புப் பெட்டியும் அணைந்து கிடக்கும். அந்த இரண்டு மாதமும் ஜெசிந்தாவின் போன் மணி அடிக்காது. மீன் இல்லை, அதனால் மெயில் இல்லை. இதற்கு நாங்கள் எல்லோரும் நன்றாகப் பழகியிருந்தோம். மெயில் வராமல் இருந்தால் எல்லாம் நலம் என்று எங்கள் உடம்பே நம்பிவிட்டது.

தடைக்காலத்தின் கடைசி வாரம் பெட்டியை மறுபடி இயக்கினார்கள். மேனேஜர் வந்து கேட்டார். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்போம். அவர் என்னைச் சார் என்பார்.

"சார், மெயில் எல்லாம் ஒழுங்கா போவுதா? டெஸ்ட் பண்ணியாச்சா?"

"இப்பவே பாத்துருதேன் அண்ணாச்சி."

பெட்டி இருப்பது மூன்றாம் அறையின் முன்கூடத்தில். கோட்டு மாட்டிக்கொண்டு, பூட்ஸ் போட்டுக்கொண்டு, அம்மோனியா வாடையில் போக வேண்டும். நான் என் ஏசி அறையில் உட்கார்ந்தபடியே, என் கம்ப்யூட்டரிலிருந்து, பெட்டியின் முகவரியைப் போட்டு ஒரு மெயில் அனுப்பினேன். என் கம்ப்யூட்டருக்குக் கடவுச்சொல் தெரியும். மெயில் போனது. "வந்துட்டு சார்" என்று ஜெசிந்தா போனில் சொன்னார். படிவத்தில் சரி என்று குறி போட்டுக் கையெழுத்திட்டேன். நான் சோதித்தது என்னைத்தான், பெட்டியை அல்ல. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

தடை முடிந்தது. வியாழக்கிழமை விடியலில் படகுகளுக்குப் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதிக்க, எல்லாப் படகும் ஒன்றாகக் கடலுக்குப் போயின. இரண்டு மாதப் பசியோடு போன வலை அல்லவா, மீன்பாடு அள்ளிக்கொண்டு வந்தது. வெள்ளியும் சனியும் எங்கள் கூடத்தில் நிற்க இடமில்லை. உறைந்த கணவாய்ப் பெட்டிகளை மூன்றாம் அறையில் கூரை முட்ட அடுக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை இங்கே படகு கடலுக்குப் போகாது. காலையில் மாதா கோயிலில் பூசை, பிறகு ஓய்வு. கம்பெனியிலும் வாசலில் காவலாளி ஒருவரும், மெஷின் அறையில் ஆபரேட்டர் ஒருவரும் மட்டும்.

அந்த ஞாயிறு பகலில் மூன்றாம் அறைக்குள் குளிர்காற்று வீசும் விசிறியின் மோட்டார் எரிந்துபோனது. மெஷின் அறையில் எல்லா மீட்டரும் வழக்கம்போல் இருந்ததால் ஆபரேட்டருக்குத் தெரியவில்லை. திங்கள் காலை கதவைத் திறந்தவர்கள் பெட்டிகளைத் தொட்டுப் பார்த்தார்கள். கல் மாதிரி இருக்க வேண்டியவை அமுங்கின. அவ்வளவு சரக்கும் ஏற்றுமதிக்கு உதவாது. மீன்தூள் ஆலைக்குத்தான் போக வேண்டும்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவர் முகம் வெளிறியிருந்தது.

"சார், எனக்குக் காரணம் அப்பறம் வேணும். மொதல்ல ஆள் வேணும். சாயங்காலம் மொதலாளி வாராரு. அலர்ட் வந்துச்சா வரலயான்னுதான் மொதக் கேள்வியே கேப்பாரு. நான் என்னத்தச் சொல்ல?"

நான் முன்கூடத்துக்குப் போய்ப் பெட்டியின் பதிவைப் பார்த்தேன். ஞாயிறு பகல் முதல் வரிசையாக, மூன்றாம் அறை, வெப்பம் அதிகம், மெயில் அனுப்பப்பட்டது. ஒன்றல்ல, பக்கம் பக்கமாக. பிறகு ஜெசிந்தாவின் அஞ்சல் பெட்டியை என் அதிகாரத்தைக் கொண்டு திறந்தேன். ஒரு அலர்ட்கூட இல்லை. அழித்தவை போய்ச் சேரும் ஃபோல்டரைப் பார்த்தேன். அது சுத்தமாகத் துடைத்துக் கிடந்தது. அன்று காலை எட்டு மணிக்கு முன்பே யாரோ அதைக் காலி செய்திருக்கிறார்கள். யாரோ என்ன, அவரேதான்.

நான் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது ஒரு சந்தோஷம் வந்தது. முடிச்சு அவிழ்ந்த சந்தோஷம். பெட்டி அனுப்பியிருக்கிறது. இவரிடம் இல்லை. குப்பையும் காலி. பூசை, விருந்து என்று போனைப் பார்க்காமல் இருந்துவிட்டு, காலையில் விஷயம் தெரிந்ததும் அழித்துவிட்டார். என் அப்பா பக்கத்துத் தாளைக் கண்டுபிடித்தது போல நானும் கண்டுபிடித்துவிட்டேன்.

மேனேஜரும் நானும் கூடத்துக்குப் போனோம். நாற்பது பெண்கள் மேசைகளில் நின்று இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா நடுவில் நின்று மாதிரி எடுத்துக்கொண்டிருந்தார். தனியாகக் கூப்பிட்டிருக்கலாம். எனக்குப் பொறுமையில்லை. எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"ஏம்மா, நேத்து அலர்ட் மெயில் வந்துச்சா?"

"வரலயே சார். மாதா மேல ஆணையா ஒண்ணுகூட வரல."

"பெட்டி அனுப்பியிருக்கு. நேரத்தோட எழுதி வச்சிருக்கு. வந்திருக்கு, நீ அழிச்சிருக்க."

கத்திகள் நின்றன. தண்ணீர்க் குழாயின் சத்தம் மட்டும் கேட்டது.

"பெட்டி சொல்லுதத நம்புதிய. நான் சொல்லுதத நம்ப மாட்டியளா?"

"அப்போ டெலீட் ஃபோல்டர எதுக்குக் காலி பண்ணுன?"

"நீங்கதான சார் சர்க்குலர் விட்டிய? திங்கக்கெழம காலைல எல்லாரும் டெலீட் ஃபோல்டரக் காலி பண்ணணும், சர்வர்ல எடமில்லன்னு?"

அது உண்மைதான். நான்தான் அனுப்பியிருந்தேன். அந்தச் சுற்றறிக்கையை ஒருவரும் மதிக்கவில்லை என்று நானே புலம்பியிருக்கிறேன். மதித்த ஒரே ஆள் எதிரில் நின்று சொல்லும்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பதிலைத் தயாராக வைத்திருக்கிறாளே, கெட்டிக்காரிதான் என்று தோன்றியது. புத்தி ஒருமுறை அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டால் அவர் எது சொன்னாலும் அது அவருக்கு எதிராகவே போய்ச் சேரும். இதை நீங்கள் உங்களிடமே ஒருநாள் பார்ப்பீர்கள்.

மேனேஜர் அவரிடம் கையுறையைக் கழற்றிவிட்டு அலுவலகத்தில் உட்காரச் சொன்னார். என்னிடம் நான்கு மணிக்குள் அறிக்கை கேட்டார். போகும்போது ஜெசிந்தா அழவில்லை. என்னைத் தாண்டும்போது நின்று, மெதுவாக ஒன்று கேட்டார்.

"ஞாயித்துக்கெழமய விடுங்க சார். வெள்ளிக்கெழம கதவு நாள் பூரா தொறந்து கெடந்துச்சு. அன்னைக்கும் ஒரு மெயிலும் வரல. அதையும் நான்தான் அழிச்சனா?"

என் இருக்கைக்கு வந்து அறிக்கையைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். பாதி எழுதிவிட்டேன். பதிவேட்டில் உள்ள மின்னஞ்சல்களை நீக்கியுள்ளார் என்று கூட எழுதியாகிவிட்டது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை மனதில் வந்து உட்கார்ந்துகொண்டது. இதுவும் ஒரு தந்திரமாக இருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். சரி, பொய் என்று நிரூபித்துவிட்டே எழுதுவோம் என்று எழுந்து லோடு ஏற்றும் இடத்துக்குப் போனேன். அவர்மேல் இரக்கப்பட்டுப் போகவில்லை. அவரை இன்னும் இறுக்கத்தான் போனேன். அதை மறைக்க நான் விரும்பவில்லை.

லோடுமேன் சுடலை லாரி நிழலில் உட்கார்ந்திருந்தார்.

"வெள்ளிக்கிழமை மூணாம் ரூம் கதவு எவ்வளவு நேரம் தொறந்து இருந்துச்சு?"

"அதயேன் கேக்கிய சார்? வண்டி மேல வண்டி வந்துக்கிட்டே இருந்துச்சு. மூட வழியே இல்ல."

"ஜெசிந்தா வந்து சத்தம் போடலயா?"

"அதான் சார் எங்களுக்கே அதிசயம். எப்பவும் அவிய போன் கத்திக்கிட்டே கெடக்கும், ஏலே கதவ மூடுங்கலேன்னு வந்து ஏசுவாவ. அன்னைக்கு எங்க பக்கத்துலதான் நின்னாவ. போன் மூச்சே விடல. புதுப் போன் வாங்கிட்டாவளோன்னு நாங்க பேசிக்கிட்டோம்."

முன்கூடத்துக்கு ஓடிப் பெட்டியின் பதிவைப் பின்னோக்கித் தள்ளினேன். வெள்ளிக்கிழமையும் வரிசையாக மெயில் அனுப்பப்பட்டது என்றே இருந்தது. ஒரு பெண் லோடுமேன்களோடு நின்றுகொண்டு, மணியே அடிக்காத போனில், வந்த வேகத்தில் அத்தனை மெயிலையும் அழித்திருக்க முடியாது. அப்படியானால் பெட்டிக்கும் போனுக்கும் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. நடுவில் இருப்பது ஒன்றே ஒன்று, நான் கட்டிய சர்வர்.

பெட்டியைச் சோதித்தேன், ஜெசிந்தாவின் அஞ்சலைத் துருவினேன். சர்வரின் பதிவை மட்டும் நான் திறந்தே பார்க்கவில்லை. உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்படுகிற எனக்கு என் கையால் செய்ததன்மேல் அப்படி ஒரு நம்பிக்கை. இப்போது திறந்தேன். வரிக்கு வரி இருந்தது. மெயில் பெறப்பட்டது; கடவுச்சொல் இல்லை; விதிப்படி நீக்கப்பட்டது. என் விதிதான். விதிக்குப் பக்கத்தில் போலி மெயில்களுக்காக என்று நானே எழுதிய குறிப்பும் இருந்தது.

நடந்தது இதுதான். பெட்டி இரண்டு மாதம் அணைந்து கிடந்தபோது, அதன் எண்ணை ரூட்டர், நாங்கள் புதிதாக வாங்கிய லேபிள் பிரின்டருக்குக் கொடுத்துவிட்டது. பெட்டி திரும்ப உயிர் பெற்றதும் அதற்கு வேறு எண் கிடைத்தது. நான் கொடுத்த விலக்கு பழைய எண்ணுக்குத்தானே. தபால்காரர் கடிதத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் போனது போல, சர்வர் ஒவ்வொரு அலர்ட்டையும் வாங்கி வாங்கி எறிந்திருக்கிறது. பெட்டி அனுப்பியது உண்மை. ஜெசிந்தாவுக்கு வராததும் உண்மை. அழித்தவன் நான்.

மணி மூன்றரை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். சர்வர் கடவுச்சொல் கம்பெனியில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பதிவைப் படித்துப் புரிந்துகொள்ள வேறு ஆளே இல்லை. எண்ணை மாற்றி, பதிவைத் துடைத்துவிட்டால் ஐந்து நிமிட வேலை. ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. எதைச் செய்ததாக அந்தப் பெண்மேல் பழி போட்டேனோ அதையே செய்ய என் கை மவுஸ் மேல் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியவில்லை. பதிவை அச்செடுத்துக்கொண்டு எழுந்தேன். நல்லவன் என்பதால் அல்ல. அலுவலகத்துக் கண்ணாடி வழியாக ஜெசிந்தா உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மேசைமேல் வெள்ளைத்தாள் ஒன்று கிடந்தது, ராஜினாமா எழுதச் சொல்லி மேனேஜர் கொடுத்தது. அவர் பேனாவைத் தொடவில்லை.

மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாள்களைப் புரட்டினார். ஒன்றும் புரிந்திருக்காது, ஆனால் என் முகம் புரிந்திருக்கும்.

"சார், ஒண்ணு பண்ணுவோம். மோட்டார் எரிஞ்சிட்டுன்னு மட்டும் எழுதுவோம். அந்தப் புள்ள மேல சொன்னத இதோட விட்டுருவோம். ரெண்டு பேருக்கும் சேதாரம் இல்ல. எதுக்கு வம்ப வெலைக்கு வாங்குதிய?"

என் வாய் சரி என்று சொல்லத்தான் திறந்தது. அவர் என்மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னார். அதற்குள் ஜெசிந்தா வாசலுக்கு வந்துவிட்டார். சுவர் பிளைவுட், எல்லாம் கேட்டிருக்கிறது.

"விட்டுருவோம்னா என்ன அண்ணாச்சி? நாப்பது பேரு முன்னால திருடின்னு சொன்ன மாதிரி சொல்லிருக்காவ. நான் நாளைக்கி அந்த மேசைல போயி எப்பிடி நிப்பேன்?" பிறகு என்னைப் பார்த்தார். "எங்கன வச்சு என்னயச் சொன்னியளோ அங்கன வந்து சொல்லுங்க சார். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

நான்கு மணி சங்கு ஊதுவதற்கு முன்னால் கூடத்துக்குப் போனேன். என்னவெல்லாம் நுட்பமாகச் சொல்லலாம் என்று வழியில் யோசித்தேன். எண், ரூட்டர், விதி. அங்கே போய் நின்றதும் அவையெல்லாம் ஒளிந்துகொள்ளும் வார்த்தைகள் என்று தெரிந்தது. "மெயில ஜெசிந்தா அழிக்கல. நான் சர்வர்ல செஞ்ச தப்புல அது அவங்களுக்குப் போகவே இல்ல. காலையில நான் சொன்னது தப்பு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. பின் மேசைப் பெண்களுக்காக இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். அந்த இரண்டாம் தடவைதான் கொடுமையாக இருந்தது.

மூத்தவர் ஒருவர், "ஏளா ஜெசிந்தா, சார்தான் சொல்லிட்டாவள்லா. வந்து மாதிரி எடு, எறா கெட்டுப்போவும்" என்றார். கத்திகள் மறுபடி ஓட ஆரம்பித்தன.

முதலாளி வந்து, போனில் கத்துவதை நேரில் கத்தினார். எழுத்தில் ஒரு மெமோ கொடுத்தார். அதுவரை என் கோப்பில் ஒரு கறை இருந்ததில்லை. வாங்கிக்கொண்டேன். அன்றே பெட்டியின் எண்ணை ரூட்டரில் நிரந்தரமாக எழுதினேன். தூக்கிப் போடுகிற விதியை மாற்றி, சந்தேகமானவற்றை ஒரு தனி ஃபோல்டரில் சேர்க்கவைத்தேன். தினமும் காலையில் அதை நானே திறந்து பார்த்தேன். சோதனை மெயிலைப் பெட்டிக்கு முன்னால் குளிரில் நின்று, பெட்டியிலிருந்தே அனுப்பினேன். ஒன்றும் நடக்காவிட்டாலும் தினமும் ஒன்பது மணிக்குப் பெட்டி ஒரு மெயில் அனுப்ப வேண்டும், வராவிட்டால் உடனே போய்ப் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். என் முகவரியைத் திரும்பவும் பட்டியலில் சேர்த்தேன். நீங்கள் சந்தேகப்படுவதை விட்டுவிட வேண்டாம், இந்தத் தொழிலுக்கு அது வேண்டும். ஆனால் ஓர் ஆளின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் நீங்கள் கட்டியதைத் திறந்து பாருங்கள். முக்கியமாக, எதன்மேல் உங்களுக்குச் சந்தேகமே வரவில்லையோ அதை.

ஜெசிந்தா என்னோடு சண்டை போடவில்லை, மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து ஒரு வழக்கம் தொடங்கியது. ஒவ்வொரு அலர்ட் வந்ததும் என் மேசை போன் அடிக்கும்.

"மெயில் வந்துட்டு சார். நான் இன்னும் அழிக்கல."

அவ்வளவுதான், வைத்துவிடுவார். சரக்கு ஏற்றும் நாளில் ஒரு மணி நேரத்துக்குப் பத்துத் தடவைகூட அடிக்கும். பத்துத் தடவையும் அதே குரல், அதே வாக்கியம். முதல் சில மாதம் அந்த மணி கேட்டாலே எனக்குக் காது சுட்டது. நான் ஒருநாளும் போதும் என்று சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். இரண்டு வருடம் அது நடந்தது.

ஓய்வு பெற்ற அன்று கடவுச்சொற்களை அடுத்து வந்தவரிடம் ஒப்படைத்து, பெறுநர் பட்டியலிலிருந்து என் முகவரியை அவர் எதிரிலேயே எடுத்தேன். மறுநாள் காலை வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. மணி ஒன்பது தாண்டி இரண்டு நிமிடம்.

"சார், பெட்டி மெயில் எனக்கு வந்துட்டு. ஒங்களுக்கு வந்துச்சா?"

"எனக்கு இனிமே வராதும்மா. நேத்தோட எடுத்தாச்சு."

"வரலயா, இல்ல வந்தத அழிச்சிட்டியளா?"

நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். வைக்கும் முன் அவர் சிரித்த மாதிரி இருந்தது. பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் சரியாகக் கேட்கவில்லை. சிரித்தார் என்றுதான் நம்ப ஆசைப்படுகிறேன். திரும்ப அழைத்துக் கேட்டிருக்கலாம். அதற்கு இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.